பூனை உதட்டில் ஒரு புடைப்பு: காத்திருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?

வந்த கேள்வி சுருக்கமாக இது. நாலு வயதுப் பெண் பூனை. வீட்டுக்குள்ளும் மொட்டைமாடியிலும் திரிகிறது. கீழ் உதட்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு, முந்தாநாள் கண்ணில் பட்டிருக்கிறது. வழக்கம்போல் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, தொட்டாலும் சீறவில்லை. "இரண்டு நாள் பார்க்கலாமா, இல்லை உடனே டாக்டரிடம் போக வேண்டுமா? மஞ்சள் குழைத்துப் போட்டால் அமுங்கிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள்."

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே கிளம்ப வேண்டியதில்லை. ஒரு வாரம் பாருங்கள். அதற்குள் அமுங்கவில்லை என்றால் காட்டிவிடுங்கள். நாளுக்கு நாள் பெரிதானால் அந்த ஒரு வாரமும் வேண்டாம். மஞ்சள் வேண்டவே வேண்டாம். உங்கள் பூனைக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் அதே புடைப்பு பன்னிரண்டு வயதுப் பூனைக்கு வந்திருந்தால் பதில் வேறு. வெள்ளைப் பூனை என்றால் வேறு. 'நேற்று ஒன்றுமில்லை, இன்று காலை முகமே வீங்கியிருக்கிறது' என்றால் முற்றிலும் வேறு. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் பூனை வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் திரும்பத் திரும்பப் பார்க்கிற வேடிக்கை ஒன்று உண்டு. முகம் இட்லி மாதிரி உப்பிப்போன பூனையை ராத்திரி பதினோரு மணிக்கு அலறிக்கொண்டு தூக்கி வருவார்கள். பெரும்பாலும் விடிவதற்குள் வீக்கம் வடிந்துவிடும். கடுகளவு புண்ணோடு நாலு மாதம் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த பூனையை, "ரொம்ப நாளா இருக்கு டாக்டர், வலிக்கிற மாதிரி தெரியல, அதான் விட்டுட்டோம்" என்று சாவகாசமாகக் கொண்டு வருவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இரண்டாவது ரகம்தான். உதட்டில் வரும் விஷயங்களில் சாதுவானவை பல வலிக்கும். மோசமானவை சில ஆரம்பத்தில் வலிக்கவே வலிக்காது. 'வலியில்லை' என்பதை நிம்மதிக்கான காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடுகிற பூனையைத் துரத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பகலில், தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும் நேரம் பார்த்து, ஜன்னலோரம் மடியில் உட்கார வையுங்கள். அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கட்டும். இடது கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து இரண்டு கன்ன எலும்பையும் லேசாகப் பிடித்துக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்குங்கள். கோரைப்பல், அதற்கு மேலே ஈறு, உதட்டின் ஈரப்பக்கம் எல்லாம் தெரியும். பிறகு கீழ் உதட்டைக் கீழே இழுத்துப் பாருங்கள். பத்து நொடிக்கு மேல் எந்தப் பூனையும் அனுமதிக்காது, அது போதும். கையை உதறிக்கொண்டு ஓடினால் விட்டுவிட்டுச் சாயங்காலம் மறுபடி முயலுங்கள். அமுக்கிப் பிடித்துக் கடி வாங்கிக்கொள்ளாதீர்கள். பூனைக் கடி வெளியே ஊசி குத்தினமாதிரிதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போய்ச் சீழ் பிடிக்கும்.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது? புடைப்பு முடி இருக்கும் பக்கமா, ஈரமான உள்பக்கமா. ஒன்றா, பலவா. மேலே தோல் மூடி வழுவழுப்பாக இருக்கிறதா, பிளந்து புண்ணாகியிருக்கிறதா. அதற்கு நேர் எதிரே எந்தப் பல் இருக்கிறது. வாயில் நாற்றம் அடிக்கிறதா. அப்புறம், மறுபக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். வலப்பக்கம் இருப்பது அப்படியே இடப்பக்கமும் இருந்தால் அது பெரும்பாலும் பிறவி அமைப்பு. கீழ்த்தாடையின் கடைசிப் பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கமாக, இரண்டு புறமும் மெத்தென்று ஒரு மேடு எல்லாப் பூனைக்கும் உண்டு. அது உமிழ்நீர்ச் சுரப்பி. அதைக் கட்டி என்று நினைத்து அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். (கடுவன் பூனையின் வயிற்றில் இருக்கும் காம்பை உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தவரும் உண்டு, அது வேறு கதை.)

பார்த்ததும் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பொருளை வைத்து எடுத்தால் அளவு புரியும். நாணயம் வேண்டாம், அது மின்னும். நிஜ மிளகையே விரலில் வைத்துப் பிடித்து எடுக்கலாம். நான் கிளினிக் குறிப்பில்கூடக் கடுகு, மிளகு, பட்டாணி, கொண்டைக்கடலை என்றுதான் மனதுக்குள் அளப்பேன். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசத்தைக் கண் நினைவில் வைத்துக்கொள்ளாது. மூன்று நாளுக்கு ஒரு படம் இருந்தால் மருத்துவருக்கு அதுவே பாதி விவரம்.

இப்போது, காத்திருக்கவே கூடாதவை. வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால், ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு நாற்பது மூச்சுக்கு மேல் போனால், உதட்டில் என்ன இருந்தாலும் சரி, உடனே கிளம்புங்கள். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது சாதாரணம். பூனை அப்படிச் செய்தால் அது ஆபத்து. வாயிலிருந்து நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அதன் மறுமுனை நாக்கின் அடியில் சுற்றிக்கொண்டு குடல்வரை போயிருக்கலாம். முனையில் ஊசியும் இருக்கலாம். தையல் மிஷின் இருக்கிற வீட்டிலும் பூ கட்டுகிற வீட்டிலும் இது அடிக்கடி நடக்கிறது. தூண்டில் முள் உதட்டில் மாட்டியிருந்தாலும் அப்படித்தான், நீங்களாகப் பிடுங்க வேண்டாம்.

குட்டி சார்ஜர் வயரைக் கடித்து உதட்டோரம் வெள்ளையாகவோ கருகியோ இருந்தால், அது அந்த நேரம் குதித்து விளையாடினாலும் காட்டிவிடுங்கள். மின்சாரம் பாய்ந்த சில மணி நேரம் கழித்துக்கூட, சில சமயம் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோக்கும். தோட்டம், வயல் பக்கத்து வீடு என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பூனை எதையும் முகத்தை நீட்டித்தான் மோந்து பார்க்கும். அதனால் பாம்புக் கடியும் முகத்தில் விழலாம். ஒரு மணி நேரத்துக்குள் மளமளவென்று ஏறுகிற வீக்கம், இரத்தக் கசிவு, துவண்டு விழுவது என்றால் 'பூச்சி கடித்திருக்கும்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

இத்தனை பதற்றமில்லாத, ஆனால் நாளைக்குத் தள்ளக் கூடாத ஒன்று: சாப்பிடாமல் இருப்பது. ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் காரணம் எதுவானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குண்டுப் பூனை என்றால் இன்னும் அவசரம். சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். உதட்டுப் புண்ணில் ஆரம்பித்து ஈரலில் போய் முடிந்த பூனைகள் உண்டு.

சரி, அவசரம் எதுவும் இல்லை. அப்படியானால் அந்தப் புடைப்பு என்னவாக இருக்கலாம்?

பூச்சிக் கடிதான் எளிது. எறும்பு, தேனீ, குளவி. திடீரென்று வரும், மெத்தென்று உப்பும், பூனை முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். மூச்சு சரியாக இருந்தால் ஒரு நாளில் வடிய ஆரம்பிக்கும். மூச்சுத் திணறல், வாந்தி, எச்சில் கொட்டுவது சேர்ந்தால் அது ஒவ்வாமை அதிர்ச்சி. மேலே சொன்ன அவசரப் பட்டியலில் அதுவும் சேரும்.

கீழ் உதட்டிலும் மோவாயிலும் மிளகுத்தூள் தூவினமாதிரி கரும்புள்ளிகள் இருந்து, நடுவில் ஒன்று மட்டும் பெரிதாகச் சிவந்திருந்தால் அது பூனைப் பரு. நம் முகத்தில் வருகிற மாதிரியே மயிர்க்கால் அடைத்துக்கொள்வதுதான். கேள்வியில் இருக்கும் பூனைக்கும் இது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீழ் உதடு, சின்ன அளவு, வலியில்லை. பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பாடு வைக்கிறீர்களா? அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அதில் எண்ணெய்ப் பிசுக்கும் கிருமியும் தங்கும். எவர்சில்வர் தட்டுக்கு மாறுங்கள், தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மோவாயை மெதுவாகத் துடைத்துவிடுங்கள். பிதுக்காதீர்கள். நகத்தால் பிதுக்கினால் உள்ளே உடைந்து சீழ் வைக்கும், அப்புறம் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டிவரும். மனிதர்களுக்கான பருக் களிம்பும் வேண்டாம். பூனைத் தோலை அது எரிக்கும். போதாததற்குப் பூனை அதை நக்கி விழுங்கும்.

அடுத்து வருவதைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் மூன்று வயதுப் பூனை ஒன்று வந்தது. மேல் உதட்டின் நடுவில், மூக்குக்கு நேர் கீழே, அப்பளத்தின் ஓரத்தை யாரோ கடித்த மாதிரி ஒரு பள்ளம். ஓரம் தடித்து மேடாக இருந்தது, நடுவில் செம்பழுப்பு நிறத்தில் பளபளப்பு. பூனை என் மேஜையில் உட்கார்ந்து மருந்துப் பாட்டிலைத் தட்டிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது. கொண்டுவந்த அம்மா, "எலி பிடிக்கப் போய் எலி கடிச்சிருச்சு" என்று சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மருத்துவப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு பழைய பெயர் 'ரோடன்ட் அல்சர்', அதாவது எலிவகைப் புண். எலிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நடப்பது இதுதான். ஈசினோஃபில் என்று ஒருவகை வெள்ளணு இருக்கிறது, ஒட்டுண்ணிக்கு எதிராக வேலை செய்வது, ஒவ்வாமையிலும் பங்கெடுப்பது. சில பூனைகளில் அது கூட்டம் கூட்டமாக உதட்டுத் தோலில் வந்து இறங்கி, அங்கே இருக்கும் திசுவையே சேதப்படுத்துகிறது. மேல் உதட்டில் வந்தால் இப்படிப் பள்ளமான புண். மோவாயில் வந்தால் கீழ் உதடு உப்பி, கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி பிதுங்கி நிற்கும். தொடையின் பின்பக்கம் வந்தால் நீளக் கயிறு மாதிரி தடிக்கும். எல்லாம் ஒரே குடும்பம். உதட்டில் இருப்பது பொதுவாக வலிக்காது, அரிக்காது. அதனால்தான் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பின்னணியில் இருப்பது பெரும்பாலும் ஒவ்வாமை. நம் ஊரில் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான். "எங்கள் பூனையிடம் பூச்சியே இல்லை" என்று அந்த அம்மாவும் சொன்னார். பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. பூச்சியைப் பல்லால் வாரி விழுங்கிவிடும், உங்கள் கண்ணில் எதுவும் மிஞ்சாது. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும். அதனால் பூச்சியைத் தேடாமல் அதன் எச்சத்தைத் தேட வேண்டும். வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து மேஜையில் விரித்து, வால் முளைக்கும் இடத்தில் முடியைச் சீப்பால் வாரி, விழுகிற கருந்துகளை அதில் தட்டினேன். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் பரவியது. மண்ணாக இருந்தால் கருப்பாகவே கிடக்கும். இது பூச்சி குடித்துச் செரித்த பூனை இரத்தம். அந்த அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் பூச்சி மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது வலிப்பு வரவழைத்துக் கொல்லும். பூனைக்கானதை, அதன் எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொல்லி வாங்குங்கள். வீட்டில் நாலு பூனை இருந்தால் நாலுக்கும் போட வேண்டும், பாய், மெத்தை உறைகளையும் துவைக்க வேண்டும். பூச்சிக் கூடுகள் வாரக்கணக்கில் மூலையில் கிடந்து பொரிக்கும்; ஒரு தடவை மருந்து போட்டு 'பலன் இல்லை' என்று நிறுத்தினால் எல்லாம் வீண்.

பூச்சியைக் கட்டுப்படுத்தியும் தீரவில்லை என்றால் உணவு ஒவ்வாமையைப் பார்ப்போம். இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. கேட்க எளிது. பக்கத்து வீட்டுப் பாட்டி சுவர் வழியாக ஒரு மீன் தலையைப் போட்டால் எட்டு வாரமும் போச்சு.

புண் ஆறுவதற்கு ஸ்டீராய்டு வேலை செய்யும், வேகமாகவே. இங்கே ஒரு எச்சரிக்கை. நீண்ட நாள் வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் உதடு பழையபடி ஆகிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதத்தில் மறுபடி வரும், மறுபடி ஊசி. இப்படியே ஓட்டினால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரலாம். நானே ஆரம்ப வருடங்களில் ஒரு பூனைக்கு ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலு ஊசி போட்டிருக்கிறேன். ஐந்தாவது தடவை வரும்போது அது குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் மாத்திரையில் ஆரம்பித்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, காரணத்தைத் தேடுவதில்தான் நேரத்தைச் செலவிடுகிறேன். உங்கள் மருத்துவர் மூன்றாவது தடவையும் ஊசியை எடுத்தால், 'காரணம் என்னவாக இருக்கும் டாக்டர்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

பல். உதட்டுப் பிரச்சினை என்று வருவதில் ஒரு பங்கு உண்மையில் பல் பிரச்சினை. கோரைப்பல் முனை உடைந்தால் அந்த ஓட்டை வழியாகக் கிருமி வேருக்கு இறங்கி, மேலே உதடு புடைக்கும். வயதான பூனைகளில் மேல் கோரைப்பல்லைச் சுற்றியுள்ள எலும்பே தடித்துப் பல் கீழே இறங்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் உதட்டுக்கடியில் கல் வைத்த மாதிரி இருக்கும். இன்னொரு வேடிக்கை உண்டு: மேல் கோரைப்பல்லை எடுத்துவிட்டால் மேல் உதட்டுக்கு இருந்த முட்டு போய்விடுகிறது, உதடு உள்ளே மடிகிறது, கீழ்க் கோரைப்பல் தினமும் அதில் குத்துகிறது. குத்துப்பட்ட இடத்தில் புண். எத்தனை களிம்பு போட்டாலும் ஆறாது, ஏனென்றால் ஒவ்வொரு வாய் சாப்பாட்டுக்கும் ஒரு குத்து விழுகிறது. அதனால்தான் புடைப்புக்கு நேர் எதிரே எந்தப் பல் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

சண்டைக் காயம் பற்றிச் சுருக்கமாக. கடுவன்கள் முகத்தில்தான் கடித்துக்கொள்ளும். கடிபட்ட ஓட்டை ஒரே நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் சேரும், இரண்டு மூன்று நாளில் சூடான, வலிக்கிற வீக்கம், காய்ச்சல், சோர்வு. பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் தெரியும், எனவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்யாதீர்கள். சீழைக் கீறி எடுத்து மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். கடித்த பூனை எது என்று தெரியாவிட்டால் வெறிநோய்த் தடுப்பூசி விஷயத்தையும் மருத்துவரிடம் பேசுங்கள். உங்களையே கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி, ஆரம்பத்தில் சொன்னேனே, வலிக்காததால் விட்டுவிடுகிற அந்த இரண்டாவது ரகம். பூனை வாயில் வருகிற புற்றுகளில் மிக அதிகம் வருவது செதிள்செல் புற்று, அதாவது தோலையும் வாயின் உட்புறத்தையும் மூடியிருக்கும் தட்டையான செல்களில் கிளம்புவது. பெரும்பாலும் பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு வரும். நாக்கடியில், ஈறில், சில சமயம் உதட்டில் ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் ஒரு சின்னத் தடிப்பு, அல்லது ஆறாத ஒரு புண், அவ்வளவுதான். பிறகு எச்சிலில் இரத்தக் கோடு தெரியும், வாய் நாறும், பூனை உணவுக்கு ஆசையாக வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போகும், தன்னை நக்கிக்கொள்வதை நிறுத்தும். பதிமூன்று வயதுப் பூனை ஒன்றை 'பல் ஆடுது, எடுத்துவிடுங்கள்' என்று கொண்டுவந்தார்கள். பக்கத்துப் பற்களெல்லாம் உறுதியாக இருக்க, ஒரே ஒரு பல் மட்டும் ஆடினால் எனக்குச் சந்தேகம் வரும். பல்லை எடுத்தபோது அந்த இடத்திலிருந்து கொஞ்சம் திசுவையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். சந்தேகப்பட்டதுதான் வந்தது. அதற்குள் எலும்புக்குள் இறங்கியிருந்தது. வாய்க்குள் வரும் இந்தப் புற்றில் ஒரு வருடம் தாண்டுகிற பூனைகள் மிகக் குறைவு. சின்னதாக, உதட்டிலோ கீழ்த்தாடையின் முன்பக்கமோ இருக்கும்போதே கண்டுபிடித்தால் வெட்டி எடுக்க வழி உண்டு; தாமதித்தால் வலியைக் குறைப்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கும்.

வெள்ளைப் பூனைகளுக்கு இதே புற்று வெயிலால் வரும். காது நுனி, மூக்கு, கண்ணிமை, உதட்டோரம், எங்கெல்லாம் முடி குறைவாக, தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறதோ அங்கெல்லாம். முதலில் சிவப்பு, அப்புறம் பொருக்கு, பொருக்கு உதிரும், மறுபடி வரும். நம் ஊர் வெயிலில் மத்தியானம் கைப்பிடிச்சுவர் மேல் படுத்துத் தூங்குகிற வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத பொருக்கு இருந்தால் சண்டையில் கீறினது என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் இந்த வெயில் ரகம் நன்றாகவே குணமாகும்.

இதற்கு நேர்மாறாக ஆரஞ்சுப் பூனை வளர்ப்பவர்கள் வீணாகப் பயப்படுவார்கள். உதட்டிலும் ஈறிலும் மூக்கிலும் மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள், வயது ஆக ஆக எண்ணிக்கை கூடும். தட்டையாக இருந்து, தடவினால் விரலில் தட்டாமல் இருந்தால் அது வெறும் நிறமி. விரலில் தட்டினால் காட்டுங்கள்.

எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சூ எட்டிங்கர் தோல் கட்டிகளுக்கு ஒரு விதி பரப்பினார்: பட்டாணி அளவு, அதாவது 1 சென்டிமீட்டர் இருந்தாலோ, ஒரு மாதமாக இருந்தாலோ, சும்மா பார்த்துக்கொண்டிருக்காமல் ஊசியால் உறிஞ்சிப் பரிசோதியுங்கள் என்று. நல்ல விதிதான். ஆனால் உதட்டுக்கு ஒரு மாதம் எனக்கு அதிகமாகப் படுகிறது. உதட்டில் வெட்டி எடுக்கத் தசை கொஞ்சம்தான் இருக்கிறது. முதுகில் பட்டாணி அளவுக் கட்டியை எடுப்பதும் பூனை உதட்டில் பட்டாணி அளவை எடுப்பதும் ஒன்றல்ல. என் கணக்கு இப்படி: இளம் பூனை, சின்னப் புடைப்பு, வேறு தொந்தரவில்லை என்றால் ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். எட்டு வயதைத் தாண்டியிருந்தால் கண்ணில் பட்ட வாரமே. புண்ணாகிப் பிளந்திருந்தால் வயது பார்க்காமல் இரண்டு மூன்று நாளில். வளர்ந்துகொண்டே போனால் நாள் கணக்கே வேண்டாம்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள் என்பதும் தெரிந்திருந்தால் பயம் குறையும். மெல்லிய ஊசியைப் புடைப்பில் விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்போம். சீழா, ஈசினோஃபில் கூட்டமா, சந்தேகப்படும்படியான செல்லா என்று பல சமயம் அன்றைக்கே ஒரு திசை தெரிந்துவிடும். அதில் புரியாவிட்டால் மயக்கம் கொடுத்து ஒரு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரோடன்ட் அல்சரும் ஆரம்பப் புற்றும் வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கலாம், இருபது வருட அனுபவக் கண்ணுக்கும்தான். சந்தேகம் இருந்தால் ஸ்டீராய்டு ஆரம்பிக்கும் முன்பே மாதிரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் சில நோய்கள் பரிசோதனையில் மறைந்துகொள்ளும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும்தான் அதிகம் வரும், இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம்.

இப்போது வீட்டு வைத்தியம். மஞ்சள் ஏன் வேண்டாம் என்கிறேன்? பூனை உதட்டில் தடவுவது என்றால் பூனைக்குத் தின்னக் கொடுப்பது என்றுதான் அர்த்தம், ஐந்து நிமிடத்தில் நக்கிவிடும். தவிர, மஞ்சள் பூசிய இடத்தில் சிவப்பு தெரியாது, பொருக்கு தெரியாது, எனக்கு எதுவுமே தெரியாது. மஞ்சள் முகத்தோடு வரும் பூனையைக் கழுவுவதிலேயே எங்கள் இருவருக்கும் பாதிப் பொறுமை போய்விடும். டெட்டால் ஊற்றிக் கழுவுவது அதைவிட மோசம். அந்த வகை வேதிப்பொருளைப் பூனை ஈரலால் சமாளிக்க முடியாது. கற்பூரம் கலந்த தைலம், வலி நிவாரணிக் களிம்பு, கடையில் எல்லாத் தோல் வியாதிக்கும் கொடுக்கிற மூன்று மருந்து கலந்த ட்யூப், எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பாராசிட்டமால். குழந்தைக்குக் கொடுக்கிறோமே, பூனைக்குக் கால் மாத்திரை கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனை ஈரலில் போதிய அளவு கிடையாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதற்குக் குறைவாகவும் கொல்லும். இரத்தம் பழுப்பாகி, ஈறு நீலம் பாய்ந்து, மூச்சு முட்டும். முகமும் பாதமும் வீங்கும். உதட்டு வீக்கத்துக்குப் பாராசிட்டமால் கொடுத்து, வீக்கம் கூடிவிட்டதே என்று இன்னொரு கால் மாத்திரையும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் குறைவு.

உங்கள் பூனைக்குத் திரும்பி வருகிறேன். இன்று பகல் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள், மிளகோடு ஒரு படம் எடுங்கள். கிண்ணத்தை மாற்றுங்கள். ஈர டிஷ்யூவில் சீப்பைத் தட்டிப் பாருங்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் இன்னும் இரண்டு படம். சின்னதாகிக்கொண்டே வந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், போதும். அப்படியே இருந்தால் மூன்று படத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மயக்கம் கொடுக்க வேண்டிவரலாம் என்பதால் காலையில் சாப்பாடு வைக்கலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டு இல்லை என்றால் மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில், அது படுக்கிற பழைய துணியை விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டிக் கொண்டு போங்கள். துணிப்பையில் போட்டு ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டாதீர்கள். போன மாதம் அப்படி வந்த ஒன்று சிக்னலில் பையைக் கிழித்துக்கொண்டு இறங்கி, பக்கத்திலிருந்த டீக்கடைக் கூரைக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் இறங்கி வந்தது.